ஷோவுக்கு இன்னும் பத்து நாள்: ரிகர்சல் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விகள்

பெங்களூர்ல ஒரு சின்ன தமிழ் நாடகக் குழு எங்களோடது. நான் நடிக்கறதில்ல. ப்ராம்ப்டிங் (வசனம் மறந்தவங்களுக்கு ஓரத்துலேர்ந்து எடுத்துக் குடுக்கறது), ஸ்டேஜ் மேனேஜ்மென்ட், போண்டா ஆர்டர் பண்றது இதெல்லாம் என் டிபார்ட்மென்ட். ஒவ்வொரு நாடகத்துக்கும் பாதிக்குப் பாதி புது ஆளுங்க வருவாங்க, ஷோ நெருங்க நெருங்க ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸாப்ல கேள்வி வரும், பாத்தா போன வருஷம் வேற யாரோ கேட்ட அதே கேள்வி. சரி, ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டிருக்கேன். உதாரணத்துக்கு இப்ப நாங்க போடற நாடகத்தையே எடுத்துக்கறேன்: அல்சூர்ல ஒரு பழைய வீட்ட விக்கலாமா வேணாமான்னு ஒரு குடும்பம் அடிச்சுக்கற கதை, ஒரு தாத்தா, ரெண்டு மகன், ஒரு மருமக, ஒரு புரோக்கர், மொத்தம் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை ஒரு ஷோ, ஞாயித்துக்கிழமை ஒரு ஷோ.

டயலாக்க மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டா போதாதா, எதுக்கு இத்தனை நாள் ரிகர்சல்?

போதாது. எதிர்ல இருக்கறவர் எப்ப முடிக்கறார், நீங்க எங்க நிக்கறீங்க, கையில என்ன இருக்கு, லைட் எப்ப அணையுது, இதெல்லாம் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கணும். மேடையேறி பயம் வந்ததும் மூளை லீவு போட்டுடும், அப்ப கை கால் பழகினத செஞ்சுட்டே போகும், அந்தப் பழக்கத்துக்குத்தான் இத்தனை நாள்.

வரிசை சுமாரா இப்படி: முதல்ல எல்லாரும் உக்காந்து படிக்கற ரீடிங், அப்புறம் யார் எங்க நிக்கணும் நடக்கணும்னு முடிவு பண்ற பிளாக்கிங், அப்புறம் சீன் சீனா, அப்புறம் நிறுத்தாம முழுசா ஓட்டற ரன் த்ரூ, கடைசியா லைட் சவுண்டோட டெக்னிக்கல், உடுப்போட டிரெஸ் ரிகர்சல். கடைசி பத்து நாள்ல இருக்கறது பெரும்பாலும் பின்பாதி. அதுல ஒருத்தரும் புதுசா நல்லா நடிக்க ஆரம்பிக்கப் போறதில்ல, நல்லா வந்தத தினமும் அதே மாதிரி வர வைக்கறதுதான் வேலை.

நான் ஒயிட்ஃபீல்டுல வேலை பாக்கறேன், வீக்எண்ட் மட்டும் வந்தா ஓகேவா?

முதல் ஏழு வாரத்துக்கு ஓகே. சனி ஞாயிறு மூணு மூணு மணி நேரம். கடைசி பத்து நாள் தினமும் சாயங்காலம் ஏழரைலேர்ந்து பத்து வரைக்கும் வந்தே ஆகணும். கூட்டிப் பாத்தா 65 மணி நேரத்துக்கு மேல வருது, ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு அது ரொம்ப ஜாஸ்தியும் இல்ல. டிராஃபிக்னு காரணம் சொல்லாதீங்க, 2023 அக்டோபர்லேர்ந்து மெட்ரோ பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டுலேர்ந்து சல்லகட்டா வரைக்கும் முழுசா ஓடுது, அல்சூர்லயே ஸ்டேஷன் இருக்கு. நாங்க ரிகர்சல் இடத்த அந்தப் பக்கம் பிடிச்சதே உங்களுக்காகத்தான்.

ஆபீஸ் போறவன் எப்படி நாடகம் போடறதுன்னு புலம்பறவங்களுக்கு ஒரு விஷயம். 1891ல மெட்ராஸ்ல சுகுண விலாச சபாவ ஆரம்பிச்ச பம்மல் சம்பந்த முதலியார் பிழைப்புக்கு வக்கீல், பின்னாடி ஜட்ஜும் ஆனார். அமெச்சூர் நாடகம்னாலே ஆபீஸ் முடிஞ்சு வந்து போடறதுதான்.

ரிகர்சலுக்கு மேடையே இல்லையே, கிளப் ஹவுஸ்ல பண்ணி என்ன பிரயோஜனம்?

நிறைய பிரயோஜனம், டேப் ஒட்டினா. மேடைய அளந்து அதே அளவுல தரைல மாஸ்கிங் டேப் ஒட்டணும், கதவு எங்க, சோபா எங்க, ரெண்டு ஓரத்துலயும் மறைவா இருக்கற விங்ஸ் எங்க எல்லாமே. எங்க மேடை 30 அடி அகலம், 20 அடி ஆழம். அபார்ட்மென்ட் பேட்மிண்டன் கோர்ட்டோட அகலமும் சரியா 20 அடிதான், அதனால ஏற்கனவே பெயிண்ட் அடிச்சிருக்கற கோட்டையே பார்டரா வெச்சுக்கிட்டோம், டேப் மிச்சம்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, நாங்க பட்டு கத்துக்கிட்டது. புரோக்கரா நடிக்கறவர் சர்வீஸ் லைன்லதான் கதவுன்னு ஏழு வாரம் பழகிட்டார். மேடைய பாக்க ஹாலுக்குப் போன அன்னைக்கு அங்க கோடே இல்ல, மனுஷன் சோபாவ சுத்தி சுத்தி வர்றார், கதவு வழியா வராம சுவத்து வழியா உள்ள வந்துட்டார். அதுலேர்ந்து கடைசி ரெண்டு வாரம் டேப்ப பாதி பாதியா பிய்ச்சுடறோம். மூலைக்கு மட்டும் ஒரு அடையாளம் போதும்.

அப்ஸ்டேஜ், டவுன்ஸ்டேஜ், லெஃப்ட், ரைட் எல்லாம் தலை சுத்துது. எது எது?

ஆடியன்ஸ பாத்து நில்லுங்க. உங்க இடது கைப்பக்கம்தான் ஸ்டேஜ் லெஃப்ட், பாக்கறவங்களுக்கு அது வலது பக்கம், அவங்கள விடுங்க. ஆடியன்ஸ்கிட்ட போறது டவுன், முதுகுப்பக்கம் பின்னாடி போறது அப். பழைய ஐரோப்பிய மேடைங்க பின்னாடி உசந்து முன்னாடி சரிவா இருக்குமாம், அதனால பின்னாடி போறவன் நிஜமாவே மேல ஏறணும், பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. இப்ப மேடை சமதளம்தான், பேர் மட்டும் ஏறி இறங்குது.

ஸ்க்ரிப்ட்ல பென்சில்ல எழுதுங்க. பேனால எழுதாதீங்க, டைரக்டர் நாளைக்கு மாத்துவார்.

ஸ்க்ரிப்ட்ட எப்ப கீழ வைக்கணும்? எனக்கு மனப்பாடமே ஆக மாட்டேங்குது

பிளாக்கிங் முடிஞ்ச அடுத்த வாரம். கையில பேப்பர் இருக்கற வரைக்கும் அந்தக் கை நடிக்காது. மனப்பாடம் ஆகலைன்னு சொல்றவங்கள்ல முக்கால்வாசி பேர் தன்னோட வரிய மட்டும் ஹைலைட்டர் போட்டு படிக்கறவங்க. உங்க வரிக்கு முன்னாடி வர்ற வரியையும் சேத்துப் படிங்க, அதுதான் உங்க க்யூ. போன்ல மத்தவங்க வரிய மட்டும் ரெக்கார்ட் பண்ணி, உங்க வரிக்கு இடம் விட்டு, மெட்ரோல கேட்டுக்கிட்டே மனசுக்குள்ள பதில் சொல்லுங்க. எங்க மருமக பாத்திரம் அப்படித்தான் படிச்சாங்க, ஒரு தடவ வாய் விட்டே "வீட்ட விக்க நான் ஒத்துக்க மாட்டேன்"னு இந்திராநகர் ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்களாம், பக்கத்து சீட்டு ஆண்ட்டி ரொம்ப அனுதாபமா பாத்தாங்களாம்.

ஸ்பீட் ரன்னு ஒண்ணு இருக்கு. நடிப்பு, நடை எதுவும் இல்லாம வட்டமா உக்காந்து வசனத்த மட்டும் மூச்சு விடாம வேகமா சொல்லிட்டுப் போறது. எங்க வழுக்குதோ அங்கதான் உங்களுக்குப் பாடம் ஆகலைன்னு அர்த்தம், ஒளிய முடியாது.

எனக்கு தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷ்ல எழுதி படிக்கலாமா?

பெங்களூர்ல பொறந்து வளந்தவங்கள்ல நிறைய பேர் கேக்கற கேள்வி, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. ஆனா இங்கிலீஷ் எழுத்து வேணாம்னு சொல்வேன். அதுல பல்லியும் பள்ளியும் ஒரே மாதிரி இருக்கும். சின்ன மகனா நடிக்கறவர் "அந்தப் பள்ளிக்குப் பின்னாடிதான் நம்ம நிலம்"னு உருக்கமா சொல்ல வேண்டிய இடத்துல பல்லிக்குப் பின்னாடின்னு சொல்லி, தாத்தா உள்பட எல்லாரும் சிரிச்சு அன்னைக்கு ரிகர்சலே படுத்துடுச்சு.

கன்னடம் எழுதத் தெரிஞ்சா கன்னடத்துல எழுதிக்கோங்க, ல, ள ரெண்டும் தனித்தனியா இருக்கு, க-வுக்கும் ஹ-வுக்கும் குழப்பம் வராது. ஒரே ஒரு ஓட்டை, ழ கிடையாது. பழைய கன்னடத்துல ழ-வுக்கு எழுத்து இருந்துச்சு, அப்புறம் வழக்கொழிஞ்சு போச்சு. அதனால ழ வர்ற இடத்துல எல்லாம் ள எழுதி அதுக்குக் கீழ ஒரு சிவப்புப் புள்ளி வைங்க. கிழவன், வாழை, அழு, எல்லாத்துக்கும் புள்ளி. எங்க ஆளு ஸ்க்ரிப்ட பாத்தா அம்மை போட்ட மாதிரி இருக்கும், ஆனா மேடைல ழ கணீர்னு வருது.

மைக் குடுப்பாங்களா, இல்ல கத்தணுமா?

ஹாலைப் பொறுத்தது. ஜே.பி. நகர் ரங்க சங்கரா மாதிரி 320 சீட்டு இருக்கற இடத்துல தெளிவா பேசினாலே போதும். மல்லேஸ்வரத்துல வயலின் வடிவத்துல கட்டியிருக்காங்களே சௌடையா ஹால், அதுல 1000 சீட்டுக்கு மேல, அங்க மைக் இல்லாம அமெச்சூர் தொண்டை தாங்காது. எங்க ஹால் இதுக்கு நடுவுல. ரெண்டு மைக் மேல தொங்கும், அது இல்லன்னு நினைச்சே பழகுங்க.

கத்தறது வேற, கேக்கற மாதிரி பேசறது வேற. தமிழ்ல வாக்கியத்தோட உசுரு கடைசில இருக்கற வினைச்சொல்லுல இருக்கு, நம்மாளுங்க அங்கதான் குரல விடுவாங்க. "இந்த வீட்ட நான் விக்க..." வரைக்கும் கேக்கும், மாட்டேனா போறேனான்னு பதினஞ்சாவது வரிசைக்குத் தெரியாது, கதையே அதுலதான் இருக்கு. இன்னொண்ணு, பழைய சபா நாடகம் பாத்து வளந்தவங்க மைக் எங்கயோ அங்க போய் வரிசையா நிப்பாங்க. தயவுசெஞ்சு வேணாம். நீங்க சண்டை போடறது உங்க அண்ணனோட, மைக்கோட இல்ல.

காஸ்ட்யூம், ப்ராப்பர்ட்டி எல்லாம் ஷோ அன்னைக்கு குடுத்தா போதாதா? அழுக்காயிடும்ல

அழுக்கானா துவைச்சுக்கலாம். வேட்டி கட்டற பாத்திரம்னா குறைஞ்சது ரெண்டு வாரம் வேட்டில ரிகர்சல் பண்ணணும், ஜீன்ஸ் போட்டுட்டு கால் மேல கால் போட்டு பழகினவர் வேட்டில அப்படி உக்காந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்ல. புடவைக்கும் அதே கதை, படி ஏறணும்னா கொசுவம் எவ்வளவு தூக்கணும்னு காலுக்குத் தெரியணும். செருப்பும் ஒண்ணே இருக்கட்டும், மரப்பலகை மேடைல ஹீல்ஸ் சத்தம் வசனத்த முழுங்கிடும்.

ப்ராப்பர்ட்டி, அதாவது மேடைல கையாளற சாமான், அது விஷயத்துல போன ஞாயித்துக்கிழமை நடந்தது சொல்றேன். தாத்தா டபரா டம்ளர்ல காபிய ஆத்திக்கிட்டே "இந்த முற்றத்துல நான் அறுபது வருஷமா காபி குடிக்கறேன்"னு சொல்லணும். ஏழு வாரமா காலி டம்ளர்தான், தாத்தாவா நடிக்கற மாமா பிரமாதமா ஒரு முழம் தூக்கி ஆத்துவார். அன்னைக்கு முதல் தடவையா நிஜ காபி ஊத்திக் குடுத்தேன். அதே ஒரு முழம் தூக்கினார், பாதி டபராவுல விழுந்துச்சு, பாதி மேஜை மேல இருந்த வீட்டுப் பத்திரத்துல. அத அடுத்த நிமிஷம் மருமக எடுத்து சத்தமா படிக்கணும், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்ல எடுத்தது, எழுத்தெல்லாம் நீலமா வழியுது. அவங்க க்யூவோட சேத்து பாடம் பண்ணியிருந்ததால பேப்பர பாக்கற மாதிரி பாத்து ஒப்பிச்சுட்டாங்க. இப்ப காபி அரை டம்ளர், ஆறினது, ஆத்தற உயரம் ஒரு சாண். பத்திரம் லேசர் பிரிண்ட், ரெண்டு காப்பி. இது ஷோ அன்னைக்கு நடந்திருந்தா? அதனாலதான் ப்ராப்பர்ட்டி முன்னாடியே வேணும்ங்கறேன்.

டெக்னிக்கல் ரிகர்சல்ல எங்கள நடிக்கவே விடல, சும்மா நில்லு நில்லுன்னு நிக்க வெச்சாங்க. எதுக்கு நாங்க வரணும்?

அன்னைக்கு நீங்க கம்பம் மாதிரிதான், கோவிச்சுக்காதீங்க. லைட் யார் மேல விழுதுன்னு பாக்க ஒரு உடம்பு வேணும். எங்க நாடகத்துல லைட் மாற வேண்டிய இடம், அதாவது லைட் க்யூ, 41, அதே மாதிரி சவுண்ட் க்யூ 17, நடுவுல வர்ற வசனத்த தாண்டி க்யூலேர்ந்து க்யூவுக்கு குதிச்சுப் போனாலே நாலு மணி நேரம் ஆகுது.

உங்களுக்கும் அதுல வேலை இருக்கு. லைட்டுக்குள்ள நிக்க கத்துக்கணும். பழைய ஹாலஜன் லைட்ல முகத்துல சூடு படும், சூடு இருந்தா வெளிச்சத்துல இருக்கோம்னு சீனியருங்க கண்ண மூடிட்டே சொல்வாங்க. இப்ப நிறைய இடத்துல எல்.ஈ.டி. வந்துடுச்சு, சூடே தெரியாது, அதனால தரை அடையாளத்த நம்பித்தான் நிக்கணும். பிளாக்அவுட்ல வெளிய போறதையும் அன்னைக்குத்தான் பழகணும். பளிச்சுனு இருந்து திடீர்னு இருட்டானா கண்ணு ஒண்ணுமே காட்டாது, இருட்டுல மினுங்கற டேப்ப சோபா ஓரத்துல ஒட்டி வெச்சிருப்பேன், அத பாத்து நடங்க, ஓடாதீங்க.

ஹால்காரங்ககிட்ட இதுக்கு எத்தனை மணி நேரம் உண்டுன்னு எழுதி வாங்கிக்கோங்க. ஒரு தடவ ஒரு ஹால்ல காலை ஒன்பதுக்கு தர்றதா வாய்வார்த்தையா சொன்னாங்க, போய் பாத்தா முந்தின நாள் ஃபங்ஷனோட நாற்காலிய ரெண்டு மணி வரைக்கும் அடுக்கிக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கு ஷோல விடியற சீன்ல நடு ராத்திரி நீல லைட் எரிஞ்சுது, கோழி மட்டும் சரியா கூவிச்சு.

கடைசி வாரத்துல டைரக்டர் சீன மாத்தறார், செய்யணுமா?

வெட்டினா செய்யுங்க, சேத்தா சண்டை போடுங்க. கடைசி பத்து நாள்ல ஒரு வரிய எடுக்கறது சுலபம், புதுசா ஒரு வரி சேத்தா அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கற நாலு பேரோட பழக்கம் கலையும், லைட் க்யூவும் நகரும். எங்க குழுல இத சட்டமாவே வெச்சிருக்கோம், டைரக்டர் கையெழுத்து போட்டிருக்கார், ஆனா மாத்தத்தான் செய்யறார். மாத்தறத நான் மட்டும்தான் என் காப்பில எழுதுவேன், மறுநாள் எல்லாருக்கும் அதுலேர்ந்து ஃபோட்டோ வரும். டைரக்டர் உங்கள தனியா டீக்கடைல கூப்பிட்டு சொன்னது கணக்குல வராது.

என் மேனேஜர் திடீர்னு ஆன்சைட் அனுப்பறார், நான் என்ன பண்றது?

எங்களுக்கு அன்னைக்கே சொல்லுங்க, அவ்வளவுதான். பெங்களூர் நாடகக்காரனுக்கு இது மழை மாதிரி, வரும்னு தெரியும், என்னைக்குன்னு தெரியாது. பத்து நாள் இருந்தா வேற ஆள் தயார் பண்ணலாம், பெரும்பாலும் எல்லா ரிகர்சலுக்கும் வந்து உக்காந்திருந்த ஒருத்தர், அவருக்கு வசனம் பாதி தெரிஞ்சிருக்கும். ரெண்டே நாள்னா சின்ன பாத்திரத்த வெட்டி அந்த வரிய இன்னொருத்தருக்கு பிரிச்சுக் குடுப்போம். ஒரு தடவ வேற வழியில்லாம நானே ஏறினேன். அதப் பத்தி எழுதறதா இல்ல.

மேடைல மறந்துட்டா ப்ராம்ப்டர் சொல்லிக் குடுப்பார்தானே?

நான்தான் அந்த ப்ராம்ப்டர், அதனால சொல்றேன், என்ன நம்பாதீங்க. விங்ஸ்லேர்ந்து நான் கிசுகிசுத்தா உங்களுக்கு முன்னாடி மூணாவது வரிசைக்குக் கேக்கும். மறந்தா வாய மூடிட்டு எதிர்ல இருக்கறவர் முகத்த பாருங்க, பாதி நேரம் அதுலேயே வந்துடும். வரலைன்னா அவர் உங்கள காப்பாத்துவார். மேல மத்தவங்க வரியையும் படிங்கன்னு சொன்னது இதுக்கும்தான்.

ப்ராம்ப்டர் எல்லா ரிகர்சலுக்கும் வரணும்னு நான் அடம் பிடிக்கறதுக்கும் காரணம் இருக்கு. எங்க நாடகத்துல தாத்தா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பேனாவ பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பார், எட்டு செகண்ட். நாடகத்துலயே நல்ல இடம் அதுதான். நான் வராத ஒரு நாள் என் இடத்துல உக்காந்த தம்பி, மாமா மறந்துட்டார்னு நினைச்சு "எங்க போடணும்"னு அடுத்த வரிய எடுத்துக் குடுத்தான், மாமாவும் பதறிப்போய் அதையே சொல்லிட்டார். மௌனத்துக்கும் மறதிக்கும் வித்தியாசம் ஸ்க்ரிப்ட்ல எழுதியிருக்காது.

நடுவுல ஒரு சினிமா பாட்டு போட்டா என்ன, யாருக்குத் தெரியப் போகுது?

தெரியும். பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு, மெட்டும் வரிகளும் ஒண்ணு, ரெக்கார்டிங் இன்னொண்ணு. முதலாவதுக்கு ஐ.பி.ஆர்.எஸ்., ரெண்டாவதுக்கு பெரும்பாலும் பி.பி.எல்., ரெண்டும் உரிமைக்காரங்க சார்பா லைசென்ஸ் தர்ற அமைப்பு, டிக்கெட் போட்டு நடத்தறப்ப அவங்ககிட்ட லைசென்ஸ் வாங்கணும். நாடகத்துக்கும் அப்படித்தான். 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் வாரிசுகிட்ட அனுமதி வேணும். அமெச்சூர் கிளப் காசு வாங்காம ஆடியன்ஸுக்கு நாடகம் போட்டா அதே சட்டத்துல விதிவிலக்கு இருக்கு, டிக்கெட் வித்தா அது போச்சு. நாங்க டிக்கெட் விக்கறோம், அதனால தெரிஞ்ச பையன் ஒருத்தன் புல்லாங்குழல் வாசிக்கறான், அவனுக்கு சம்பளம் ரெண்டு போண்டா.

வீட்டுல இருக்கறவங்க ரிகர்சல் பாக்க வரலாமா? ஷோவுக்கு லேட்டா வந்தா உள்ள விடுவாங்களா?

டிரெஸ் ரிகர்சலுக்கு வரட்டும், வரணும். சிரிப்பு வர்ற இடத்துல நிறுத்தி, அடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடுத்த வரிய எடுக்கணும், அது ஆள் இல்லாம பழக முடியாது. ஷோவுக்கு லேட் ஆனா விட மாட்டோம். ரங்க சங்கரால 7.30ன்னா 7.30, அப்புறம் கதவு திறக்காது, நாங்களும் அதையே பிடிச்சுக்கிட்டோம். உங்க மாமனாரா இருந்தாலும் வெளியதான், முன்னாடியே வீட்டுல சொல்லி வைங்க.

டிரெஸ் ரிகர்சல் சொதப்பினா ஷோ நல்லா வரும்னு சொல்றாங்களே, உண்மையா?

சொதப்பினவங்கள அழ விடாம வீட்டுக்கு அனுப்பறதுக்காக எவனோ கண்டுபிடிச்சது. நானும் சொல்லியிருக்கேன். சொதப்பினா மறுநாள் சீக்கிரம் வாங்க, சொதப்பின இடத்த மட்டும் மூணு தடவ ஓட்டுவோம், முழுசா ஓட்ட மாட்டோம்.

ஷோ அன்னைக்கு சாப்பிடலாமா? பூஜை உண்டா?

மத்தியானம் சாப்பிடுங்க, பிரியாணி வேணாம். நாலு மணிக்கு இட்லி வரும். தொண்டைக்கு வெந்நீர். பூஜை உண்டு, தேங்காய மேடைல உடைக்காதீங்க, தண்ணி கொட்டி வழுக்கும், வெளிய படில உடைங்க. கற்பூரத்துக்கு ஹால்ல கேட்டுக்கணும், சில இடத்துல மேடைல நெருப்பே கூடாதும்பாங்க.

முதல் ஷோ நல்லா போயிடுச்சு, ரெண்டாவது நாளும் ரிகர்சலா?

ஆமா. முதல் நாள் பயம் உங்கள பிடிச்சு நிறுத்தியிருக்கும், கைதட்டு வாங்கினதும் அது போயிடும், ரெண்டாம் நாள் எல்லாரும் மெதுவாவாங்க, சிரிப்பு வந்த இடத்துல சிரிப்ப எதிர்பாத்து நிப்பாங்க, அது வராது. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு எல்லாரும் மேடைல, வட்டமா உக்காந்து ஒரு ஸ்பீட் ரன், அவ்வளவுதான். வர்றப்ப தாத்தா அந்த டபராவ கழுவி எடுத்துட்டு வரணும், வீட்டுல மாமி அத திரும்ப சமையக்கட்டுல சேத்துடறாங்க.